முடியை வெட்டச் சொல்லும் பள்ளிக்கூடம் கயிற்றை அவிழ்க்கச் சொல்லத் தயங்குவது ஏன்? நெல்லை மைதானங்களில் ஒரு அலசல்

நெல்லை:-

"ஏலே, நாளைக்கு ஒழுங்கா முடி வெட்டிட்டு வா. இல்லன்னா டீம்ல உனக்கு எடம் கிடையாது."

மேற்கே பாபநாசம், அம்பை பக்கம் போனாலும் சரி, கிழக்கே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் போனாலும் சரி... சாயங்காலம் 4 மணிக்கு மேல் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்து ஓரமாக நின்று பாருங்கள். இந்தக் குரல் காதில் விழாமல் இருக்காது.

பையன் தலையைத் தடவிக்கொண்டு நிற்பான். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியில் மட்டும் கூடை போல முடி. காதுக்கு மேலே பிளேடால் இழுத்த ஒரு கோடு. "இந்தக் கோலத்தில் நீ மாவட்டப் போட்டிக்கு வந்தால் என் மானம் போகும்" என்பார் பி.டி. சார்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அதையேதான் சொல்வார். "சார் சொல்றது சரிதாம்ல. மண்டையப் பாரு, குருவிக்கூடு மாதிரி."

ஆனால் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளையின் தலைமுடி, நகம், தாடி, கயிறு, கம்மல் இதில் எல்லாம் பள்ளிக்கூட அணி தலையிடலாமா? எதில் தலையிடலாம், எதில் கூடாது? நம்ம நெல்லைச் சீமையில் இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. காரணம், இங்கே ஒரு மணிக்கட்டுக் கயிறு பையனின் உயிரையே எடுத்திருக்கிறது.

ரூல் புத்தகம் சொல்வது என்ன?

முதலில் விளையாட்டு விதியைப் பார்ப்போம்.

கபடியில் ஆட்டக்காரர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், செயின், காப்பு எதுவும் போடக் கூடாது. உடம்பில் எண்ணெயோ வழுக்கும் பொருளோ தடவிக்கொண்டு களத்தில் இறங்கக் கூடாது. மூன்றுக்குமே காரணம் இருக்கிறது. நகம் எதிராளியைக் கீறும். காப்பு பல்லை உடைக்கும். எண்ணெய் தடவினால் பிடி நிற்காது, அது ஏமாற்று வேலை.

கால்பந்தில் நகை, மோதிரம், ரப்பர் வளையம் எல்லாம் தடை. அதன் மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடுவதும் தடை. கைப்பந்திலும் கூடைப்பந்திலும் அடுத்தவருக்குக் காயம் உண்டாக்கும் எதையும் அணியக் கூடாது.

ஆனால் முடி இத்தனை அங்குலம்தான் இருக்க வேண்டும், பக்கவாட்டில் கோடு போடக் கூடாது என்று கபடி விதியிலும் இல்லை, கால்பந்து விதியிலும் இல்லை. நீளமான முடி என்றால் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அமெச்சூர் குத்துச்சண்டையில் தாடிக்குத் தடை இருந்தது. அந்தத் தடையையும் 2018-ல் சர்வதேச சங்கம் எடுத்துவிட்டது.

விளையாட்டுக்காக முடியை வெட்டுவது என்றால் என்ன என்பதற்கு 2024-ல் நாடே ஒரு உதாரணம் பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார் வினேஷ் போகத். எடை கூடியிருந்தது. ராத்திரி முழுக்க வியர்க்க வைத்தார்கள், கடைசியில் முடியைக்கூட வெட்டினார்கள். அப்படியும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். அங்கே முடி என்பது எடை. அதில் ஒரு காரணம் இருந்தது.

பதினைந்து வயசுப் பையனின் 'பாக்ஸ் கட்டிங்'கில் அப்படி என்ன காரணம் இருக்கிறது? கபடி ரெய்டில் அது ஒரு பாயிண்டைக் கூட்டுமா, குறைக்குமா?

பி.டி. சார் பக்கமும் நியாயம் உண்டு

அதற்காக உடற்கல்வி ஆசிரியர்களை வில்லன் ஆக்கிவிட முடியாது. அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

பையன்கள் வெளியூர் போட்டிக்குப் போகிறார்கள். பஸ்சில், ரெயிலில், லாட்ஜில் எது நடந்தாலும் முதலில் பெயர் கெடுவது பள்ளிக்கூடத்துக்கு. அடுத்து சாருக்கு. "ரவுடி மாதிரி வந்து நிக்கானுவ" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தச் சொல் சாரைத்தான் சுடும்.

விளையாட்டு விடுதியில் முப்பது, நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் படுக்கிறார்கள். பேன், பொடுகு, படை வந்தால் ஒருத்தனோடு நிற்காது. சுத்தமாக இரு, நகம் வெட்டு, குளி, துவைத்துப் போடு என்று சொல்வது அங்கே கட்டாயம் தேவை.

இன்னொன்றும் உண்டு. நம்ம ஊரில் விளையாட்டு என்றால் போலீஸ் வேலை, பட்டாள வேலை, ரெயில்வே வேலை என்றுதான் அப்பா அம்மா கணக்குப் போடுகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போகிறவன் இப்போதே 'ஷார்ட் கட்டிங்' பழகட்டும் என்று சார் நினைக்கிறார். நல்ல எண்ணம்தான்.

ஆனால் நல்ல எண்ணம் வேறு, தண்டனை வேறு. முடி வெட்டவில்லை என்பதற்காக ஒரு பையனை அணியில் இருந்து எடுத்தால் அவனுக்குப் போவது ஒரு மேட்ச் மட்டும் அல்ல. மாவட்ட அளவில் ஆடாதவனுக்கு மாநில அளவு கிடையாது. மாநில அளவில் ஆடாதவனுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது. சர்ட்டிபிகேட் இல்லாதவனுக்குக் காலேஜ் சீட்டும் இல்லை, அந்த 3 சதவீதமும் இல்லை. பீடி சுற்றியும் கொத்தனார் வேலை பார்த்தும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் வீட்டுக்கு அது சின்ன நஷ்டமா?

மொட்டை போட்டால்தான் பேஸ்பால்!

இந்த விஷயத்தில் உலகத்துக்கே 'தலைமை ஆசிரியர்' ஜப்பான்தான்.

அங்கே உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் என்றால் நமக்கு ஐ.பி.எல். மாதிரி. கோஷியன் என்ற மைதானத்தில் நடக்கும் கோடைப் போட்டியை நாடே டி.வி.யில் பார்க்கும். அதில் ஆடும் பையன்கள் பெரும்பாலும் ஒட்ட மொட்டை அடித்துத்தான் களம் இறங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கமாக இருந்தது. மொட்டை அடித்தால்தான் பணிவு வரும், கவனம் சிதறாது என்று பயிற்சியாளர்கள் சொன்னார்கள். முடிக்காகவே பேஸ்பால் வேண்டாம் என்று ஒதுங்கிய பையன்களும் உண்டு.

2023 ஆகஸ்டு மாதம் என்ன நடந்தது தெரியுமா? கெய்யோ என்ற பள்ளி இறுதிப் போட்டிக்கு வந்தது. அந்தப் பள்ளிப் பையன்கள் சாதாரணமாக முடி வளர்த்திருந்தார்கள். தலை வாரிக்கொண்டு வந்து ஆடினார்கள். எதிரே நின்றது முந்தைய ஆண்டு சாம்பியனான செண்டாய் இக்குயெய் பள்ளி. கெய்யோ 8-2 என்று ஜெயித்தது. 1916-க்குப் பிறகு, 107 வருஷம் கழித்து அந்தப் பள்ளிக்கு அந்தக் கோப்பை!

மொட்டைக்கும் வெற்றிக்கும் சம்பந்தம் இல்லை என்று ஊர் முழுக்கப் பேச்சானது. அதற்கு முன்பே மாற்றம் ஆரம்பித்துவிட்டது. ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் எடுத்த கணக்குப்படி, 2018-ல் 76.8 சதவீத பள்ளி அணிகளில் மொட்டை கட்டாயமாக இருந்தது. 2023-ல் அது 26.4 சதவீதமாக இறங்கிவிட்டது. ஐந்தே வருஷத்தில்!

கிரவுண்டிலேயே கத்தரிக்கோல்

அமெரிக்காவில் இதைவிட மோசமாக ஒன்று நடந்தது.

நியூஜெர்சி மாநிலத்தில் 2018 டிசம்பரில் பள்ளிகளுக்கு இடையே மல்யுத்தப் போட்டி. ஒரு கறுப்பின மாணவன் சடைசடையாகத் திரித்த முடியுடன் வந்தான். "இந்த முடியை வெட்டு, இல்லை என்றால் நீ தோற்றதாக அறிவிப்பேன்" என்றார் நடுவர். கூட்டத்துக்கு நடுவே, களத்தின் ஓரத்திலேயே, கத்தரிக்கோலால் அவன் முடி வெட்டப்பட்டது. அந்தப் பையன் அதன் பிறகு ஆடி ஜெயித்தான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வீடியோவை உலகமே பார்த்தது.

அந்த நடுவருக்கு இரண்டு வருஷம் தடை விதிக்கப்பட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து 2019 டிசம்பரில், முடியின் அமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டமே வந்தது. 2021-ல் அமெரிக்க பள்ளி மல்யுத்த விதியில் இருந்த முடி நீளக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது.

நம்ம நாட்டுக்காரர்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. 2014-ல் சீனாவில் நடந்த ஆசியக் கோப்பை கூடைப்பந்தில் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் இரண்டு பேரை, தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆட விடுவோம் என்றார்கள். கழற்றிவிட்டுத்தான் ஆடினார்கள். பெரிய கண்டனம் கிளம்பியது. 2017-ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம் அந்த விதியை மாற்றியது. கால்பந்தில் தலைப்பாகை, முக்காடு இரண்டுக்கும் 2014-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. மேலப்பாளையத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளை முக்காடு போட்டுக்கொண்டு பந்து உதைக்க வந்தால் எந்த நடுவரும் தடுக்க முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊர்க் கதை வேறு

சரி, அப்படியானால் பிள்ளைகள் இஷ்டம் போல வரட்டும் என்று விட்டுவிடலாமா?

இங்கேதான் தாமிரபரணிக் கரையின் கதை வேறு மாதிரி போகிறது. இங்கே பிரச்சினை தலையில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது.

2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வி இயக்குனரிடம் இருந்து எல்லா மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கலர் கலராகக் கயிறு கட்டி, அதை வைத்து சாதியை அடையாளம் காட்டுகிறார்கள் என்பதுதான் புகார். பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கவனித்துச் சொன்னதன் பேரில் அந்தச் சுற்றறிக்கை வந்தது.

அதில் இன்னொரு விவரமும் இருந்தது. இடைவேளையில் யார் யாரோடு சேர்வது என்பதற்கு மட்டும் அல்ல, விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதற்கும் இந்தக் கயிறு பயன்படுகிறதாம்! அதாவது பையன் எப்படி ஓடுகிறான், எப்படிப் பிடிக்கிறான் என்று பார்ப்பதற்கு முன்னால் அவன் கையில் என்ன கலர் என்று பார்க்கிறார்கள்.

அந்தச் சுற்றறிக்கைக்கு என்ன கதி ஆனது? சில நாட்களில் அரசியல் எதிர்ப்பு கிளம்பியது. பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார்.

அடுத்தடுத்து ரத்தம்

2022 ஏப்ரல். அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளி. கையில் கயிறு கட்டியது சம்பந்தமாக மாணவர்களுக்குள் தகராறு. அடி வாங்கிய பிளஸ்-2 மாணவன் ஆஸ்பத்திரியில் சில நாள் போராடி இறந்துபோனான். மாணவர்கள் மூன்று பேர் பிடிபட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் இரண்டு பேர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

2023 ஆகஸ்டு. நாங்குநேரியில் பிளஸ்-2 மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்களே ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தமிழ்நாடே அதிர்ந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது.

2024 ஜூன் 18-ந் தேதி அந்தக் குழு 610 பக்க அறிக்கையை அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் இவற்றைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும், சாதியைக் காட்டும் கலர் அடித்த சைக்கிளும் கூடாது என்று அதில் பரிந்துரை இருந்தது. நெற்றியில் வைப்பதைத் தடுப்பதா என்று உடனே எதிர்ப்பும் கிளம்பியது.

2025 மார்ச். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுத பஸ்சில் போய்க்கொண்டிருந்த பிளஸ்-1 மாணவனைப் பஸ்சை மறித்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. நெல்லை அரசு ஆஸ்பத்திரியில் பல மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரத்தில்தான் வெட்டினார்கள் என்று பையனின் வீட்டார் குற்றம் சாட்டினார்கள். வேறு காரணம் உண்டா என்றும் போலீசார் விசாரித்தனர். பிடிபட்ட மூன்று பேரும் சிறுவர்கள்.

கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துப் பாட வேண்டிய வயசில் அரிவாள்.

எளியதில் வீரம், வலியதில் மவுனம்

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முடி வெட்டும் விஷயத்தில் பள்ளிக்கூடங்கள் காட்டும் வீரம் கொஞ்சமா? வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். சலூன்காரரைப் பள்ளிக்கே கூட்டி வந்து வரிசையாக உட்கார வைத்து வெட்டிய செய்திகள் வந்திருக்கின்றன. 'மாணவர்களுக்கு இந்த மாதிரி கட்டிங் வெட்டாதீர்கள்' என்று சலூன் கடைகளுக்கே தலைமை ஆசிரியர்கள் கடிதம் கொடுத்த செய்தியும் வந்திருக்கிறது.

கயிறு விஷயத்தில் அந்த வேகம் எங்கே போனது?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடியை வெட்டச் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அப்பா கும்பிடு போட்டு நன்றி சொல்வார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் சாயங்காலமே பத்துப் பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். "எங்க பையன் கயித்த மட்டும் ஏன் கழத்தச் சொன்ன? அவன் கயித்த ஏன் விட்ட?" என்று கேட்பார்கள். சாருக்கும் குடும்பம் இருக்கிறது. பயம் இருக்காதா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். பையனின் முடி என்ன சொல்கிறது? 'எனக்குப் பதினாறு வயசு' என்று சொல்கிறது. போன சினிமாவில் ஹீரோ வெட்டிய மாதிரி வெட்டியிருக்கிறான். அடுத்த படம் வந்தால் மாற்றிவிடுவான். அவனுடைய அப்பாவும் அந்தக் காலத்தில் ஸ்டெப் கட்டிங் வெட்டி, பெல்பாட்டம் போட்டு அலைந்தவர்தான்.

கலர் கயிறு என்ன சொல்கிறது? 'நான் இன்னார், நீ இன்னார், நீ என் பக்கம் வராதே' என்று சொல்கிறது. ஏழு பேர் சேர்ந்து ஆட வேண்டிய கபடியில் அது நான்கு, மூன்று என்று அணியைப் பிரிக்கிறது. ரெய்டு போனவன் மாட்டிக்கொண்டால் அவனுக்காகத் துடிக்க வேண்டிய அணியில், பாதிப் பேர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால் அது அணியா?

முடி அணியைப் பிரிப்பது இல்லை. கயிறு பிரிக்கிறது. கண்டிப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

சாமிக் கயிறு என்றால்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லாக் கயிறும் சாதிக் கயிறா?

இல்லை. சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டு வந்து கட்டிய கயிறு இருக்கும். காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஆச்சி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருக்கும். தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு இருக்கும். கழுத்தில் சிலுவை இருக்கும். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்ப்பவனும் இருப்பான்.

இதற்கு ரூல் புத்தகமே வழி காட்டுகிறது. களத்துக்குள் இறங்கும்போது நகை, காப்பு, கயிறு எதுவும் வேண்டாம். எவனுக்கும் வேண்டாம். பணக்காரன் மகனின் தங்கச் செயினும் கழற்ற வேண்டும், ஏழை மகனின் கறுப்புக் கயிறும் கழற்ற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சாமிக் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொள்ளட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது. இதில் எந்தச் சாதிக்காரரும், எந்த மதத்துக்காரரும் தனக்கு மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது.

நேர்த்திக்கடன் முடியை வெட்டச் சொல்லத் தேவையே இல்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது.

பெண் பிள்ளைகள் படும் பாடு

பையன்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கஷ்டம்.

வகுப்பில் ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும். மைதானத்துக்கு வந்தால் சில பயிற்சியாளர்கள் 'பாய் கட்' வெட்டிக்கொள் என்பார்கள். வெட்டினால் வீட்டில் திட்டு விழும். "பொம்பளப் பிள்ளைக்கு முடி போனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று தெருவே கேட்கும். அதோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேரோ!

டிரவுசர் பிரச்சினையும் அப்படித்தான். 2021-ல் பல்கேரியாவில் நடந்த கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில், குட்டை உடைக்குப் பதிலாக கொஞ்சம் நீளமான டிரவுசர் போட்டு ஆடியதற்காக நார்வே நாட்டுப் பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். கண்டனம் பெரிதானதும் அந்த விதி மாற்றப்பட்டது. பெரிய நாட்டுப் பெண்களுக்கே இந்தக் கதி என்றால், கல்லிடைக்குறிச்சியிலும் சேரன்மாதேவியிலும் ஒரு பிள்ளை வாய் திறந்து "சார், எனக்கு இந்த டிரெஸ் கூச்சமா இருக்கு" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? முழங்கால் வரை டிரவுசர் போட்டும் ஓடலாம், டிராக் பேண்ட் போட்டும் ஓடலாம். முடியைக் கொண்டை போட்டும் ஆடலாம். இதில் பிள்ளை சொல்வதைக் கேட்பதுதான் முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை. மனசு நோகும்படி கொடுமைப்படுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஆனால் பள்ளிகளில் உடல் ரீதியான தண்டனையை ஒழிக்க தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் வகுத்த வழிமுறைகளைத் தமிழ்நாட்டில் அமல்படுத்த வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது.

எல்லோர் முன்னாலும் ஒரு பையன் தலையில் கத்தரிக்கோல் வைத்து, பாதி முடியை வெட்டி, மீதியோடு வீட்டுக்கு அனுப்புவது ஒழுக்கம் கற்றுக்கொடுப்பது ஆகாது. அவமானப்படுத்துவது. அவமானப்பட்ட பிள்ளை மறுநாள் மைதானத்துக்கு வராது. பள்ளிக்கூடத்துக்கே வராமலும் போகலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவை இல்லை. மூன்று கேள்வி போதும்.

ஒன்று: இந்தக் கட்டுப்பாடு ஆட்டத்துக்கோ பாதுகாப்புக்கோ தேவையா? நகம் வெட்டு என்றால் தேவை. கோடு போட்ட கட்டிங் கூடாது என்றால் தேவை இல்லை.

இரண்டு: எல்லோருக்கும் ஒன்றா? தாளாளர் மகனுக்கு ஒன்று, தச்சர் மகனுக்கு ஒன்று என்றால் அது விதி இல்லை.

மூன்று: மீறினால் என்ன தண்டனை? கயிற்றைக் கழற்றிவிட்டு வா, நகத்தை வெட்டிவிட்டு வா என்று பத்து நிமிஷம் உட்கார வைக்கலாம். அணியை விட்டே எடுப்பதும், ஊர் பார்க்க வெட்டுவதும் கூடாது.

இந்த விதிகளை வருஷத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும். முக்கியமாக, கயிற்றைக் கழற்றச் சொல்லும் பொறுப்பை ஒற்றை பி.டி. சார் தலையில் கட்டக் கூடாது. பத்துப் பேர் வாசலுக்கு வந்தால் தலைமை ஆசிரியரும் கல்வி அதிகாரியும் போலீசும் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பள்ளக்காலில் பையன் போன பிறகு சஸ்பெண்டு செய்தார்கள். முன்னாலேயே துணை நின்றிருந்தால்?

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை கையில் புதுக் கலர் கயிறு இருந்தால், "இத யாரு கட்டிவிட்டது?" என்று கேளுங்கள். கோவிலில் கட்டியதா, கூட்டத்தில் கட்டியதா என்று கேளுங்கள். பிள்ளை பள்ளியில் அவமானப்பட்டால் முதலில் சாரைப் போய்ப் பாருங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டு போன் நம்பரும் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் மணத்தி என்று ஒரு கிராமம். அங்கே பிறந்த கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2025-ல் மாரி செல்வராஜ் 'பைசன்' படம் எடுத்தார். சாதிச் சண்டைக்கு நடுவே ஒரு பையன் மைதானம் வரை போய்ச் சேர என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதுதான் அந்தப் படம்.

அவர் மெடல் வாங்கி 30 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இந்த ஆற்றங்கரை ஊர்களில் எத்தனையோ பையன்கள் சாயங்காலமானால் கோடு கிழித்து மண்ணில் புரள்கிறார்கள். அவர்கள் தலையில் எந்த ஸ்டைல் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். மணிக்கட்டு மட்டும் வெறுமையாக இருக்கட்டும்.

பிடிக்கிறவன் கை யார் கை என்று பார்க்காமல் பிடித்தால்தான் அது கபடி.